ரொயோட்டா சின்ன எஸ்.யூ.வி: ரைஸா, யாரிஸ் குறொஸா? எந்தக் கிறேட், என்ன விலை, பெற்றோல் கணக்கு என்ன?

கொக்குவிலான் எழுதியது:

வணக்கம். வீட்டிலை நிக்கிற வாகன் ஆரைக் குடுத்திட்டு, கொஞ்சம் உயரமான வாகனம் ஒண்டு எடுப்பம் எண்டு யோசிக்கிறம். ரொயோட்டாவை விட்டு வெளியிலை போறதுக்கு வீட்டிலை ஒருத்தருக்கும் விருப்பமில்லை. அதாலை ரைஸ், யாரிஸ் குறொஸ் இரண்டுக்கையும்தான் தெரிவு. கொறோலா குறொஸைப் பாத்து ஆசைப்பட்டது உண்மை, ஆனால் விலை எட்டாது போலை கிடக்கு.

ஓட்டம் பெரிசா இல்லை. கொக்குவிலிலையிருந்து கச்சேரியடிக்கு வேலைக்குப் போய் வாறது, மகளை ரியூசனுக்கு ஏத்தி இறக்கிறது, ஞாயிறு நெல்லியடிக்கு மாமி வீட்டை. மாசம் ஆயிரம் கிலோமீற்றர் மட்டிலை வரும். வருசத்திலை சில தடவை கொழும்பு.

விசாரிச்ச ஒரு இடத்திலை சொன்ன கணக்கு இது: ஜப்பானிலையிருந்து வந்த ஒரு லீற்றர் ரேர்போ ரைஸ் (ஹைபிரிட் இல்லை, பெற்றோல் மட்டும்) நல்ல நிலையிலை ஒரு கோடிக்கு மேலை. ஹைபிரிட் ரைஸ் எண்டால் அதிலையிருந்து 15 லட்சம் கூட. ஹைபிரிட் யாரிஸ் குறொஸ் அதுக்கும் மேலை, கிறேட்டைப் பொறுத்து ஏறும். "ஹைபிரிட் எடுங்கோ, பெற்றோலிலை காசு திரும்பி வந்திடும்" எண்டு விக்கிறவர் சொல்லுறார். அது உண்மையோ? ஒரே மொடலுக்குள்ளையே வசதி கூடக் கூடக் கிறேட் எக்ஸ், ஜி, இசட் எண்டு ஏறும் எண்டு சொல்லுகினம். எதைப் பாத்து எடுக்கிறது? வடிவாத் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.


திருநெல்வேலிக் கராஜ் எழுதியது:

தம்பி, முதல் மொடலை விட்டிட்டுக் கிறேட்டைப் பாருங்கோ. இஞ்சை கன பேர் "ரைஸ் எடுத்தனான்", "யாரிஸ் குறொஸ் எடுத்தனான்" எண்டு மட்டும்தான் சொல்லுவினம். எந்தக் கிறேட் எண்டு கேட்டால் தெரியாது. ஆனால் ரயர் செலவு, பெற்றோல் செலவு, ஓட்டத்திலை வாற சொகுசு எல்லாம் கிறேட்டிலைதான் தங்கியிருக்கு.

யாரிஸ் குறொஸை எடுங்கோ. 2020 ஓகஸ்ட் 31ஆந் திகதி ஜப்பானிலை வந்தபோது ரொயோட்டா குடுத்த டபிள்யூ.எல்.ரி.சி கணக்கு (பெற்றோல் செலவை அளக்கிற சோதனை முறை), முன்சில்லு ஓட்டம் உள்ள ஹைபிரிட்டுக்கு: எக்ஸ் கிறேட் லீற்றருக்கு 30.8 கிலோமீற்றர், இசட் கிறேட் 27.8. இரண்டிலும் எஞ்சின், மோட்டார், பற்றறி எல்லாம் ஒண்டுதான். மூண்டு கிலோமீற்றர் எங்கை போனது? இசட்டுக்கு 18 அங்குல ரிம், 215/50 ரயர். எக்ஸுக்கும் ஜிக்கும் 16 அங்குலம், 205/65. அதோடை இசட்டிலை பாரமும் கூட. காசைக் கூடக் குடுத்துப் பெற்றோலையும் கூடக் குடிக்கிற கிறேட்டைத்தான் எங்கடை ஆக்கள் தேடித் தேடி எடுக்கினம், ரிம் வடிவா இருக்கெண்டு.

அந்த 18 அங்குல ரயர் யாழ்ப்பாணத்திலை ஒவ்வொரு கடையிலையும் நிக்காது. கிழிஞ்சால் கொழும்புக்கு அடிச்சுச் சொல்லிப் பஸ்ஸிலை வரப் பண்ண வேணும். பக்கச்சுவர் கட்டையான ரயர் எண்டபடியால் எங்கடை உள் வீதிக் குழியிலை ரிம்முக்கு நேரை அடி விழும். போன மாரி முடிஞ்ச கையோடை என்னட்டை வந்த இசட் ஒண்டிலை முன் இரண்டு ரிம்மும் விளிம்பிலை வளைஞ்சு கிடந்தது. பாத்தால் தெரியாது. சில்லைக் கழட்டிச் சுத்தி விட்டால்தான் நடுங்குறது தெரியும். சொந்தக்காரர் "ஸ்ரேறிங் ஆடுது" எண்டுதான் கொண்டு வந்தவர்.

ரைஸிலும் இதே கதை, கொஞ்சம் குறைவா. எக்ஸ், ஜி 16 அங்குலம், இசட் 17. இசட்டிலை ரயர் பெரிசானபடியால் திரும்புற வட்டமும் கூடுது: ஆரை 4.9 மீற்றராய் இருந்தது 5.0 ஆகுது. ஒழுங்கைக்குள்ளை அது பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் இசட்டிலை உண்மையாப் பிரயோசனமான சாமானும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. முன்னுக்குப் போற வாகனத்தைப் பாத்துத் தானாய் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குறூஸ் ரைஸிலை இசட்டோடைதான் வரும். கொழும்புக்கு அடிக்கடி போறவருக்கு அது நல்ல உதவி. கச்சேரியடிக்குப் போறவருக்கு ஏன்?

உங்கடை ஓட்டத்துக்கு நான் சொல்லுறது ரைஸ் ஜி.


நெல்லியடிப் பெடியன் எழுதியது:

அண்ணை, ரேர்போ எண்டால் 95 பெற்றோல்தான் அடிக்க வேணுமாமே? அப்பிடியெண்டால் கணக்கு முழுக்க மாறுமெல்லோ.


திருநெல்வேலிக் கராஜ் எழுதியது:

தேவையில்லை. ரைஸ் ரேர்போ ஜப்பானிலை றெகுலர் பெற்றோலிலை ஓடுறதுக்குச் செய்தது. அங்கத்தைய றெகுலருக்குத் தரநிலை 89 ஒக்ரேனும் அதுக்கு மேலையும். எங்கடை 92 தாராளம். யாரிஸ் குறொஸும் அப்பிடித்தான்.

ரேர்போவிலை கவனிக்க வேண்டியது எண்ணெய். ரொயோட்டா பெற்றோல் ரேர்போ எஞ்சினுகளுக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாசம், எது முந்தி வருதோ அப்ப எண்ணெய் மாத்தச் சொல்லி ஜப்பானிலையே எழுதியிருக்கு. ரேர்போ இல்லாத எஞ்சினுக்கு 15,000. எங்கடை வெக்கைக்கும் புழுதிக்கும் அதையும் குறைக்க வேணும். "ஜப்பான் வாகனம், பத்தாயிரம் ஓடலாம்" எண்டு ரேர்போவை விட்டவை பிறகு எண்ணெய் குடிக்குது எண்டு வருவினம்.


வரிக்கணக்கர் எழுதியது:

விலை எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கினால் தெரிவு இலகுவாகும் என்று நினைக்கிறேன்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. பாவித்த கார் என்றால் மூன்று வயதுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். வந்து இறங்கும் வாகனத்தின் மேல் சுங்க வரி, அதன் மேல் மிகைவரி, உற்பத்தி வரி, சொகுசு வரி, 18 வீதம் பெறுமதி சேர் வரி எல்லாம் அடுக்கடுக்காக ஏறும். இதில் சின்ன எஸ்.யூ.வி வாங்குபவரை உண்மையில் தாக்குவது உற்பத்தி வரி. அது எஞ்சினின் சீசீ அளவை வைத்துக் கணிக்கப்படுகிறது. சீசீ கூடக் கூட, ஒவ்வொரு சீசீக்கும் உரிய தொகையும் படிப்படியாக ஏறும். ஒரே அளவு எஞ்சின் என்றால் ஹைபிரிட்டுக்கு அந்தத் தொகை குறைவு.

இப்போது ரொயோட்டாவின் வரிசையை இதன் மேல் வைத்துப் பாருங்கள். ரைஸ் ரேர்போ 996 சீசீ. ஆயிரத்துக்குள் நிற்கிறது. ரைஸ் ஹைபிரிட் 1,196. யாரிஸ் குறொஸ் பெற்றோலாக இருந்தாலும் ஹைபிரிட்டாக இருந்தாலும் 1,490. கொறோலா குறொஸ் ஹைபிரிட் 1.8 லீற்றர். ஜப்பானில் ரைஸுக்கும் யாரிஸ் குறொஸுக்கும் இடையில் இருக்கும் விலை வித்தியாசம் அவ்வளவு பெரிது அல்ல. 2019இல் ரைஸ் அறிமுகமானபோது 16 லட்சத்து 79 ஆயிரம் யென்னில் தொடங்கியது. 2020இல் யாரிஸ் குறொஸ் தொடங்கியது 17 லட்சத்து 98 ஆயிரத்தில். இங்கே வந்து சேரும்போது அந்த வித்தியாசம் பல மடங்காகப் பெருகுவதற்குக் காரணம் வரிப்படி.

சொகுசு வரியும் ஓர் எல்லைக்கு மேல்தான் விழும். காப்புறுதி, கப்பல் கூலி உட்பட்ட பெறுமதி பெற்றோல் வாகனத்துக்கு 50 லட்சம் ரூபாவையும், பெற்றோல் ஹைபிரிட்டுக்கு 55 லட்சத்தையும், மின் வாகனத்துக்கு 60 லட்சத்தையும் தாண்டினால்தான். ரைஸ் அந்தப் பக்கம் போகாது.

ஆகவே கொக்குவிலான் கேட்ட 15 லட்சத்தில் பெரும்பகுதி வாகனத்தின் தரத்துக்குக் கொடுக்கும் காசு அல்ல, படியேறியதற்குக் கொடுக்கும் காசு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பெற்றோல் கணக்குப் பாருங்கள்.

லீற்றர் 300 ரூபா என்று வைப்போம். யாழ்ப்பாண நகர ஓட்டத்தில் ரேர்போ ரைஸ் லீற்றருக்குப் பன்னிரண்டரையும், ஹைபிரிட் ரைஸ் இருபதும் கொடுக்கும் என்று எடுத்தால், மாதம் 1,000 கிலோமீற்றருக்கு ரேர்போ 80 லீற்றர், ஹைபிரிட் 50 லீற்றர். மிச்சம் 30 லீற்றர், அதாவது 9,000 ரூபா. வருடத்துக்கு 1 லட்சத்து 8 ஆயிரம். 15 லட்சம் திரும்பி வர ஏறத்தாழ 14 வருடம். அதே 15 லட்சத்தை வங்கியில் நிலையான வைப்பில் 8 வீதத்துக்குப் போட்டால் மாதம் 10,000 வரும். பெற்றோலில் மிச்சம் பிடிப்பதைவிட அது கூட.

விற்பவர் சொன்னது உங்கள் ஓட்டத்துக்குப் பொருந்தாது.


ஹயர்காரன் எழுதியது:

வரிக்கணக்கர் ஐயா சொன்னது வீட்டுப் பாவனைக்குச் சரி. என்னை மாதிரி வாடகைக்கு ஓடுற ஆளுக்கு அப்பிடியில்லை. மாசம் 2,500 எண்டு அதே கணக்கைப் போடுங்கோ: ரேர்போ 200 லீற்றர், ஹைபிரிட் 125. மிச்சம் 75 லீற்றர், 22,500 ரூபா. வருசம் 2 லட்சத்து 70 ஆயிரம். ஐஞ்சரை வருசத்திலை 15 லட்சம் வந்திடும். விக்கேக்கை ஹைபிரிட்டுக்கு நல்ல விலையும் கேட்கலாம்.

இன்னொண்டையும் சொல்ல வேணும். 2022ஐ மறந்திட்டுக் கதைக்கிறம். ஜூன் கடைசியிலை 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அதுக்குப் பிறகு கியூ.ஆர் பங்கீடு வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். அந்த 20 லீற்றரிலை ஹைபிரிட் வைச்சிருந்தவை கிழமை முழுக்க ஓடினவை, மற்றவை பெற்றோல் செட்டுக்கு முன்னாலை விடிய விடிய நிண்டவை. நானும் வரிசையிலை நிண்டனான். பெற்றோல் இல்லாத நாளிலை ஒரு லீற்றரின்ரை பெறுமதி 300 ரூபா இல்லை. அதை எந்தக் கணக்கிலை போடுறது?


வரிக்கணக்கர் எழுதியது:

அது நியாயமான கேள்வி. ரூபாவில் போட முடியாது. ஆனால் மாதம் 1,000 கிலோமீற்றர் என்றால் கிழமைக்கு 230 மட்டில். 20 லீற்றர் கிடைத்தால் ரேர்போ ரைஸ் 250 ஓடும். கொக்குவிலானுக்கு அதுவும் காணும். உங்களுக்குக் காணாது. அதனால்தான் ஒருவருக்குச் சரியான வாகனம் மற்றவருக்குச் சரியில்லை என்கிறேன்.


சாவகச்சேரி ரீச்சர் எழுதியது:

நான் ரைஸ் ரேர்போ ஜி வைத்திருக்கிறேன். காகிதத்தில் உள்ளதை எல்லோரும் சொல்கிறீர்கள், ஓட்டுகிற ஆளாக நானும் சொல்கிறேன்.

சாவகச்சேரிக்கும் யாழ்ப்பாண நகரத்துக்கும் இடையில் ஏ9இல் காலையில் ஓடும்போது ஏசியோடு லீற்றருக்குப் பதினைந்து, பதினாறு வரும். கஸ்தூரியார் வீதி, ஸ்ரான்லி வீதிப் பக்கம் பள்ளி விடுகிற நேரம் ஊர்ந்தால் பதினொன்றுக்கு இறங்கிவிடும். ஆகவே வரிக்கணக்கர் போட்ட பன்னிரண்டரை நகரத்துக்குள் மட்டும் ஓடுபவருக்குச் சரியான கணக்குத்தான்.

மீற்றரில் காட்டுவதை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். தாங்கியை முட்ட நிரப்பி, ஓடி, அதே செட்டில் அதே பம்பில் திரும்ப முட்ட நிரப்பி, அடித்த லீற்றரால் ஓடிய தூரத்தைப் பிரித்துப் பாருங்கள். நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இங்கே ஒருவரும் பேசாத ஒன்று இருக்கிறது. என் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் ஏலாது. முந்தி இருந்த காரில் இருந்து இறங்குவதற்கு நான் வந்து கையைப் பிடித்துத் தூக்க வேண்டும். ரைஸின் பின் சீற் உயரம் அவவின் இடுப்புக்கு நேரே வருகிறது. கதவைத் திறந்து, முதலில் இருந்துவிட்டு, சேலைக் கரையைக் கையால் தூக்கிக்கொண்டு, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுக்கிறா. இப்போது தானாகவே ஏறி இறங்குகிறா. எடுப்பதற்கு முன்னால் யாரிஸ் குறொஸிலும் இருத்திப் பார்த்தேன். அதில் பின் கதவுத் திறப்பு ஒடுக்கம், முழங்காலுக்கு இடமும் குறைவு. முன் சீற்றில் இருப்பவர்களுக்கு யாரிஸ் குறொஸ் அருமை. பின்னால் வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு ரைஸ். நீளம் 3,995 மில்லிமீற்றர், நாலு மீற்றருக்குள் இவ்வளவு இடத்தை எப்படிப் பிடித்தார்கள் என்று இன்னும் எனக்கு வியப்புத்தான்.

மாமியையும் ஏற்றுவதானால் அவவைக் கூட்டிக்கொண்டு போய் இருத்திப் பார்த்துவிட்டு எடுங்கள்.


ஸ்காபரோத் தமிழன் எழுதியது:

ஊரிலை தம்பிக்கு எடுத்துக் குடுக்கலாம் எண்டு நானும் இந்த இழையை வாசிக்கிறன். இஞ்சை கனடாவிலை ரொயோட்டா ராவ்4 சாதாரண குடும்ப வாகனம். அதை விட்டிட்டு ஏன் எல்லாரும் ரைஸ் எண்டு நிக்கிறியள்? குறைஞ்சது கொறோலா குறொஸாவது எடுக்கலாம்தானே. காசு கொஞ்சம் கூடினாலும் பாதுகாப்பு இருக்கு.


திருநெல்வேலிக் கராஜ் எழுதியது:

அண்ணை, கொறோலா குறொஸ் திறமான வாகனம், அதிலை கதையில்லை. 2021இலை வந்தபோது லீற்றருக்கு 26.2 எண்டு ஜப்பான் கணக்கு, அந்த அளவு வாகனத்துக்கு அது பெரிய விசயம். ஆனால் அகலம் 1,825. ரைஸ் 1,695, யாரிஸ் குறொஸ் 1,765. உங்கடை தம்பியின்ரை வீட்டு ஒழுங்கை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பக்கம் மதில், மற்றப் பக்கம் கதியால் வேலி, நடுவிலை ஓட்டோ ஒண்டு எதிர்ப்பட்டால் ஆராவது ஒராள் பின்னுக்கு எடுக்க வேணும். அந்த 13 சென்ரிமீற்றர் அங்கைதான் தெரியும். கோண்டாவில், இணுவில் பக்கத்து உள் ஒழுங்கையளிலை பெரிய வாகனங்களின்ரை பக்கக் கண்ணாடியும் பின் பம்பரும் திருத்திறதே எனக்கு ஒரு தனி வேலையாய்ப் போச்சு.

ராவ்4 இரண்டரை லீற்றர் ஹைபிரிட். வரிக்கணக்கர் ஐயா சொன்ன படியிலை அது எங்கை போய் நிக்கும் எண்டு நீங்களே யோசியுங்கோ. கனடாவிலை குடுக்கிற விலையை மனசிலை வைச்சுக் கேட்கக் கூடாது.


ஸ்காபரோத் தமிழன் எழுதியது:

ஒழுங்கையை மறந்திட்டன் இல்லை, ஆனால் மில்லிமீற்றரிலை பாக்க நினைக்கேல்லை. நன்றி. தம்பியோடை கதைச்சிட்டு வாறன்.

பாதுகாப்புப் பற்றி ஒண்டு கேட்க வேணும். ரைஸைச் செய்யிறது டைஹற்சுதானே. அவை சோதனையிலை மோசடி செய்தவை எண்டு செய்தி வந்ததே?


நாவற்குழி எழுதியது:

அந்தச் செய்தியைத் தொடர்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வந்தது உண்மை. 2023 மேயில், ரைஸ் ஹைபிரிட்டும் அதன் உடன்பிறப்பான டைஹற்சு றொக்கி ஹைபிரிட்டும் பக்கவாட்டில் கம்பத்தில் மோதும் சோதனையில் முறைகேடு நடந்ததாக டைஹற்சுவே அறிவித்து விற்பனையை நிறுத்தியது. வாகனத்தின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டிய சோதனையை ஒரு பக்கம் மட்டும் செய்து, அதன் தரவையே மற்றப் பக்கத்துக்கும் கொடுத்திருந்தார்கள். அந்த ஆண்டு டிசெம்பரில் விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தபோது 64 மொடல்கள் சம்பந்தப்பட்டது தெரிய வந்தது, எல்லா வாகன அனுப்பலும் நிறுத்தப்பட்டது. பிறகு ஜப்பான் போக்குவரத்து அமைச்சு தானே ஒவ்வொரு மொடலாகச் சோதித்து, தரத்துக்கு ஏற்றவற்றுக்கு அனுமதி கொடுத்தது. 2024இல் ரைஸ் திரும்பவும் உற்பத்திக்கு வந்தது.

இதை மறைத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள், இதைச் சொல்லிப் பயமுறுத்தி வேறு வாகனம் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். ஹைபிரிட் ரைஸ்தான் வேண்டும் என்றால் மறு அனுமதிக்குப் பிறகு உற்பத்தியானதைத் தேடுங்கள். மூன்று வயது எல்லை இருப்பதால் இப்போது வருகிற வாகனங்களில் அப்படியானவை தாராளமாகக் கிடைக்கும். வாகனத்தின் அடிச்சட்ட இலக்கத்தை வைத்து உற்பத்தி மாதத்தைப் பார்க்கலாம்.

ஹைபிரிட் என்றதும் ரைஸும் யாரிஸ் குறொஸும் ஒரே தொழில்நுட்பம் என்று நினைக்க வேண்டாம். ரைஸில் எஞ்சின் சில்லைச் சுற்றுவதே இல்லை. அது மின்சாரம் மட்டும் உண்டாக்கும், 106 குதிரைவலு மோட்டார்தான் சில்லைச் சுற்றும். யாரிஸ் குறொஸில் ரொயோட்டாவின் பிரியஸ் ஹைபிரிட் கார் வழி வந்த முறை, எஞ்சினும் மோட்டாரும் இரண்டும் சில்லோடு தொடுபட்டிருக்கும். அதனால் வேகமான பெருந்தெருவில் ரைஸின் முறைக்கு நட்டம் கூட. பெற்றோலை மின்சாரமாக்கி, மின்சாரத்தைத் திரும்ப ஓட்டமாக்கும்போது இடையில் கொஞ்சம் போய்விடும். ஜப்பானில் அதிவேகப் பாதையில் நூறில் ஓடுபவர்கள் இதைக் குறையாகச் சொல்கிறார்கள்.

எங்களுக்கு அது பெரிய குறையாக வராது. ஏ9இல் காருக்கு வேக எல்லை 70, ஊர்மனைகளில் 50. கிளிநொச்சியில் இருந்து வவுனியா வரை பொலிசார் வேகம் அளக்கும் கருவியோடு மரத்தடியில் நிற்கிறார்கள். அந்த வேகத்தில் ரைஸ் ஹைபிரிட் தன் சுகமான இடத்திலேயே ஓடும். மிதியில் இருந்து காலை எடுத்தால் தானாகவே வேகத்தைக் குறைக்கும் ஒற்றை மிதி ஓட்டம் நகரத்துக்குள் கால் நோகாமல் ஓட வசதி.


நெல்லியடிப் பெடியன் எழுதியது:

இவ்வளவு கணக்குப் பாக்கிறதுக்கு பி.வை.டி மின் கார் ஒண்டு எடுத்தால் பெற்றோலே வேண்டாம். வீட்டுக் கூரையிலை சோலர் இருக்கிற ஆக்கள் எங்கடை பக்கம் எத்தினை பேர்.


ஹயர்காரன் எழுதியது:

தம்பி, சோலர் உள்ள வீட்டுக்கு, யாழ்ப்பாணத்துக்குள்ளை மட்டும் ஓடுற வாகனத்துக்கு நல்லது, நான் மறுக்கேல்லை. வரியும் சீசீக்கு இல்லை, மோட்டாரின்ரை கிலோவாற்றுக்கு. கொழும்புக்கு ஹயர் வந்தால் எங்கை சார்ஜ் போடுறது, எவ்வளவு நேரம் ஆக்களைக் காக்க வைக்கிறது எண்டது என்ரை பிரச்சினை. அதுக்குத் தனி இழை ஒண்டு திறவுங்கோ, நானும் வாறன். இஞ்சை கொக்குவிலான் கேட்டது ரொயோட்டா.


திருநெல்வேலிக் கராஜ் எழுதியது:

ஹைபிரிட் எடுக்கிற ஆக்களுக்கு எங்கடை ஊருக்கெண்டு ஒரு விசயம். ரொயோட்டா ஹைபிரிட் பற்றறிக்குக் குளிர் காத்து பின் சீற்றுப் பக்கத்திலை உள்ள ஒரு துவாரத்தாலைதான் போகும். அதுக்கு ஒரு வடி இருக்கு. வலிகாமத்துச் செம்மண் இருக்கே, அது மா மாதிரி. ஏழாலை, புன்னாலைக்கட்டுவன் பக்கத்திலையிருந்து வாற வாகனங்களிலை அந்த வடியைக் கழட்டினால் சாம்பல் நிறத்திலை இருக்க வேண்டியது செங்கட்டி நிறத்திலை இருக்கும். நாய் மயிர், பிள்ளையள் சாப்பிட்ட விசுக்கோத்துத் தூள் எல்லாம் அதோடை ஒட்டிக் கிடக்கும். வடி அடைச்சால் விசிறி கூடச் சத்தம் போடும், பற்றறி சூடாகும், பெற்றோல் கணக்கு இறங்கும், கடைசியிலை மஞ்சள் விளக்கு. சேர்விசுக்கு விடேக்கை வாயாலை சொல்லி அந்த வடியைத் துப்புரவாக்கச் சொல்லுங்கோ. பின் சீற்றிலை பாக், உடுப்பு வைச்சு அந்தத் துவாரத்தை மூடவும் கூடாது.

தீவுப் பக்கம் ஓடுற ஆக்கள், பண்ணைப் பாலத்தாலை நாளாந்தம் போய் வாறவை, வாகனத்துக்குக் கீழை துருப் பிடிக்காத பூச்சு அடியாமல் ஓடக் கூடாது. ஹைபிரிட்டுக்கும் சரி, ரேர்போவுக்கும் சரி.

மழை வெள்ளம் எண்டால், தரையிலையிருந்து அடிப்பக்க உயரம் ரைஸ் 185 மில்லிமீற்றர், யாரிஸ் குறொஸ் 170. கார்த்திகையிலை ஒழுங்கைக்குள்ளை தண்ணி நிக்கிற வீடு எண்டால் அந்த ஒண்டரைச் சென்ரிமீற்றர் உதவும். எண்டாலும் எஸ்.யூ.வி எண்ட பேரை நம்பி அரைச் சில்லுத் தண்ணிக்குள்ளை இறக்காதேங்கோ.


கொக்குவிலான் எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு விபரமா எழுதுவியள் எண்டு நினைக்கேல்லை. எல்லாருக்கும் நன்றி. வரிக்கணக்கர் ஐயா போட்ட கணக்கை வீட்டுக்காரிக்குக் காட்டினனான். ஹைபிரிட் எண்டு நிண்டவ இப்ப ரேர்போவுக்குச் சம்மதம். அந்த 15 லட்சத்தை லீசிங் எடுக்காமல் விட உதவியாய் வைச்சுக் கொள்ளுவம் எண்டு சொல்லுறா. ரீச்சர் சொன்ன மாதிரி மாமியையும் கூட்டிக்கொண்டு போய் இருத்திப் பாத்தம். யாரிஸ் குறொஸிலை தலையை நல்லாக் குனிஞ்சுதான் ஏற வேண்டி வந்தது. ரைஸ் அவவுக்குப் பிடிச்சிட்டுது.

இனி ஜி கிறேட் தேடுறன். பிரச்சினை என்னெண்டால், யாழ்ப்பாணத்திலை நிக்கிறதெல்லாம் இசட். ஜியை ஒருத்தரும் இறக்குகினம் இல்லை. கொழும்பிலை ஒண்டு நிக்குது, ஏலத்தாளிலை (ஜப்பான் ஏலத்திலை வாகனத்தின்ரை நிலைக்குப் புள்ளி போடுற தாள்) நாலரை எண்டு போட்டிருக்கு. எதைக் கவனிக்க வேணும்?


வரிக்கணக்கர் எழுதியது:

லீசிங் தவிர்ப்பது நல்ல முடிவு. 2025 ஜூலையில் மத்திய வங்கி தனியார் காருக்கும் எஸ்.யூ.விக்கும் பெறுமதியில் 60 வீதத்துக்கு மேல் கடன் கொடுக்க முடியாது என்று வரம்பு போட்டது, பிறகு அதையும் இறுக்கியது. எப்படியும் கையில் பெரும் தொகை வேண்டும். மிச்சத்துக்கும் வட்டி கட்டினால் நான் போட்ட கணக்கு இன்னும் மோசமாகும்.


திருநெல்வேலிக் கராஜ் எழுதியது:

இறக்குகிறவை இசட்டைத்தான் இறக்குவினம், ஏனெண்டால் கேட்கிற ஆக்கள் ரிம்மைப் பாத்துத்தான் விலை பேசினம். நீங்கள் பொறுமையா இருந்தால் ஜி கிடைக்கும், விலையும் குறைவா வரும்.

நாலரை நல்ல புள்ளி. ஆனால் புள்ளியை மட்டும் பாக்காதேங்கோ. ஏலத்தாளிலை வாகனத்தின்ரை படம் ஒண்டு கீறியிருக்கும், அதிலை ஏ எண்டால் கீறல், யூ எண்டால் நெளிவு, டபிள்யூ எண்டால் தட்டி நிமித்தின இடம். பக்கத்து இலக்கம் கூடக் கூடச் சேதம் கூட. டபிள்யூ இரண்டு, மூண்டு ஒரே பக்கத்திலை இருந்தால் அந்தப் பக்கத்தை வெயிலுக்குச் சரிச்சுப் பாருங்கோ. உள்பக்கத்துக்குத் தனி எழுத்துப் போட்டிருப்பினம், ஏ அல்லது பீ எண்டால் எடுக்கலாம். விக்கிறவர் காட்டுற தாளை அப்பிடியே நம்பாமல், அடிச்சட்ட இலக்கத்தைக் குடுத்து வெளியிலை ஒருக்கா எடுத்துச் சரிபாருங்கோ. மீற்றரிலை இருக்கிற கிலோமீற்றரும் தாளிலை இருக்கிறதும் ஒத்துப் போக வேணும்.

மற்றது டிக்கியைத் திறந்து அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கோ. ஜப்பானிலையிருந்து வாற கன வாகனங்களுக்கு உதிரிச் சில்லு இல்லை, பஞ்சர் மருந்துப் போத்திலும் காத்தடிக்கிற சின்னப் பம்பும்தான் இருக்கும். பக்கச்சுவர் கிழிஞ்சால் அந்த மருந்து பிடிக்காது. இரவிலை கனகராயன்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையிலை அப்பிடி நிண்டால் விடியும் வரை காவல்தான். இல்லாட்டில் விலை பேசேக்கையே ஒரு சில்லும் ஜக்கும் சேத்துத் தரச் சொல்லிக் கேளுங்கோ.


ஹயர்காரன் எழுதியது:

சனிக்கிழமை கொழும்புக்கு ஹயர் ஒண்டு இருக்கு, ஞாயிறு வெறுமையாத்தான் திரும்புறன். வாகனத்தைப் பாக்க நீங்களும் வாறதெண்டால் தனிமடலிலை சொல்லுங்கோ. எடுத்தால் ஏ9இலை பின்னாலையே வாறன், முதல் ஓட்டம் எண்டபடியால் முறிகண்டியிலை நிப்பாட்டித் தேங்காய் அடிச்சிட்டுப் போகலாம்.


கொக்குவிலான் எழுதியது:

கட்டாயம் அண்ணை, வாறன். தனிமடல் போட்டிருக்கிறன், பாருங்கோ. கராஜ் அண்ணை, உங்கடை கடை ஞாயிறு திறந்திருக்குமோ? கொண்டு வந்த கையோடை எண்ணெயும் எண்ணெய் வடியும் மாத்த வேணும்.


திருநெல்வேலிக் கராஜ் எழுதியது:

ஞாயிறு பூட்டு. திங்கள் காலமை எட்டுக்குக் கொண்டு வாங்கோ, முதல் ஆளாய் எடுக்கிறன். அது வரைக்கும் எஞ்சினை இறுக்கி ஓட வேண்டாம்.